முள்வேலியோடு நின்ற வாசகம்

மார்ச் 4

மருமகளுக்கு,

எனக்குக் கண் தெரியவில்லை என்று கோவிலில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். ஞாயிறு மாலை வழிபாட்டில் ஓசேயா தீர்க்கதரிசியின் வாசகத்தைப் பாதியில் நிறுத்திப் புத்தகத்தை மூடினேனே, அது கண் இருட்டியதால் அல்ல. தலை சுற்றியதாலும் அல்ல. ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துதான் நிறுத்தினேன்.

ஆர்மோனியம் வாசிக்கிறவளுக்கு நான் வைத்த பெயர் ஒலிபெருக்கி என்பது உனக்கு நினைவிருக்கும். வழிபாடு முடிந்ததும் அவள் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து இறங்குங்கம்மா. வயசாச்சுல்ல? இனிமே சின்னவங்க யாராவது வாசிக்கட்டுமே" என்றாள். "வயசு என் கண்ணுக்கு ஆகலை, உன் ஆர்மோனியத்துக்குத்தான் ஆயிருக்கு. ரெண்டு கட்டை ஊமையாக் கிடக்கு, அதைப் போய்ப் பாரு" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன். அதற்குள் செய்தி வாசல்வரை போய்விட்டது.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீ அங்கே இருந்தாய். கடைசி பெஞ்சு, தூணுக்கு இந்தப் பக்கம். தலையைக் குனிந்திருந்தாய். வகிடு கோணலாக எடுக்கும் பெண் இந்த ஊரில் நீ ஒருத்திதான். கண் தெரியாதவள் அதைப் பார்த்திருக்க முடியாது.

அன்றைய வாசகம் எது என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். நிலைத்திருக்கமாட்டாள் என்று தெரிந்தே ஒரு பெண்ணை மணக்கும்படி ஓசேயாவுக்குக் கடவுள் கட்டளையிடுகிறார். அவள் வேறு ஆட்களைத் தேடிப் போகிறாள். கணவனின் கோபத்தில் கடவுள் தம் மக்கள்மேல் கொண்ட கோபம் பேசுகிறது. அவள் போகும் வழியை முள்ளால் அடைப்பேன், கொடுத்ததையெல்லாம் பிடுங்கிக்கொள்வேன் என்கிறார். பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அவளைத் தனி இடத்துக்கு அழைத்துப்போய் மனம்விட்டுப் பேசுவேன் என்கிறார். நான் முள்வேலியோடு நிறுத்தினேன்.

இந்தத் தீர்க்கதரிசிகள் வரிசைக்கு எது எதை வாசிப்பது, எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிப்பது என்று வகுத்துக் கொடுத்தவள் நான். ஃபாதர் அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கு நான் குறித்த முடிவு முள்வேலிதான். மேடை ஏறிப் பார்த்தால் முடிவு தள்ளிப்போயிருந்தது. பென்சிலால் நான் போட்ட கோட்டை யாரோ ரப்பரால் அழித்து, அடுத்த பத்திக்குக் கீழே புதுக் கோடு போட்டிருந்தார்கள். அதே நாளில் நீ கடைசி பெஞ்சில் இருக்கிறாய். இரண்டும் தற்செயல் என்று நம்புவதற்கு நான் பச்சைக் குழந்தை இல்லை.

இன்னொன்று. புதன்கிழமைதோறும் உன் ஊர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பராமரிப்பு இருக்கிறது என்று என் மகன் போகிறான். வரும்போது சட்டைக் கையில் மடிப்புக் கோடு இல்லை. நான் தேய்த்தால் கோடு விழும். கோடு விழாமல் கைக்குள் துண்டைச் சுருட்டி வைத்துத் தேய்ப்பது யார் வழக்கம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வருகிறது. ஊரார் லிஃப்டில் சிக்கினால் இறக்கிவிடுகிறவன், தானே எந்த மாடியில் சிக்கிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

நீ வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஃபிரேம் கொண்டுவருகிற ஆளோடு நீயாகத்தான் போனாய். யாரும் துரத்தவில்லை. இப்போது அந்த ஆள் உன்னோடு இல்லை என்று கேள்விப்படுகிறேன். என் மகன் உன்னைத் திரும்ப இந்த வீட்டுக்கு அழைத்துவர நினைக்கிறான் என்றும் ஊகிக்கிறேன். வீடு என் பெயரில் இருக்கிறது, கதவைத் திறப்பதும் மூடுவதும் என் கை.

இரண்டு கேள்வி. அந்தக் கோட்டை மாற்றச் சொல்லி ஃபாதரிடம் பேசியது நீயா? என் மகன் உன்னிடம் வருகிறானா? தொலைபேசியில் சொல்லாதே. அதில் சொன்ன சொல்லைப் பிறகு எடுத்துக் காட்ட முடியாது.

உன் மாமியார்


மார்ச் 10

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. உறையில் என் முகவரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றியது போல இருந்தது.

கண் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். நீங்கள் போட்டிருக்கும் லென்ஸை மெஷினில் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தியவள் நான்தான். மூன்று முறை திருப்பி அனுப்பினீர்கள். "இடது பக்கம் ஒரு மயிரிழை இறங்கியிருக்கு" என்றீர்கள். அளந்து பார்த்தேன், இறங்கித்தான் இருந்தது. அப்படிப்பட்ட கண் எழுத்தை விடாது. நீங்கள் நிறுத்தியபோதே தெரிந்தே நிறுத்துகிறீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒலிபெருக்கிக்குப் புரியாதது எனக்குப் புரிந்தது வருத்தம்தான்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. ஃபாதரிடம் நான் பேசி எத்தனையோ காலம் ஆகிறது. உங்கள் பென்சில் கோட்டைப் பற்றி நீங்கள் எழுதித்தான் தெரியும்.

அப்படியானால் ஏன் வந்தாய் என்பீர்கள். சொல்கிறேன். "அம்மா முன்ன மாதிரி இல்லை, மாறிட்டாங்க" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. ஆசையில் சொல்கிறார் என்று நினைத்தேன். நேரில் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். ஓசேயா என்று நீங்கள் தொடங்கியபோது, சரி, இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். நீங்கள் முள்வேலியில் நிறுத்திப் புத்தகத்தை மூடினீர்கள். எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஒருவர் யார் என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி. அதை அவரிடமே கேளுங்கள். ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறீர்கள். பெற்ற பிள்ளையிடம் வாய் திறந்து கேட்காமல் அவருடைய சட்டைக் கையை விசாரிக்கிறீர்கள். என்னையும் அப்படித்தான் விசாரித்தீர்கள். என் கைப்பை, என் செருப்பில் ஒட்டிய மண், என் தலையணை உறை எல்லாவற்றிடமும் கேட்டீர்கள், என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

ஓசேயாவை எடுத்தீர்கள். நீங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவர், எனக்கு வேதம் அரைகுறைதான். ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போதே செல்போனில் அந்த அதிகாரங்களைப் படித்துப் பார்த்தேன். கணவர் பேசுகிறார், கடவுள் பேசுகிறார். அந்தப் பெண் பேசுவதாக ஓரிரண்டு வரி வருகிறது. அதுவும் அவள் இப்படிச் சொன்னாள் என்று அவர்கள் சொல்வதுதான். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்தாளா, வந்தபின் எப்படி இருந்தாள், எதுவும் இல்லை. வெள்ளியும் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டார் என்று இருக்கிறது. அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்டதாக இல்லை.

இங்கேயும் ஒரு கண்ணாடிக் கடையில்தான் வேலை, தையல் கடை மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். கீழே நாள் முழுக்க மெஷின் சத்தம். பழகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைக்காதீர்கள், கீறல் விழும்.

உங்கள் மருமகள்


மார்ச் 15

மருமகளுக்கு,

லென்ஸை நான் புடவைத் தலைப்பால் துடைப்பதில்லை. என் தலைப்பை இழுத்துத் துடைப்பது உன் மாமனாரின் பழக்கம். அவர் போனபின் இந்த வீட்டில் அப்படித் துடைப்பவர் யாரும் இல்லை.

கோட்டைப் பற்றி ஃபாதரிடமே போய்க் கேட்டேன். அலுவலக அறையில் அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கி, கை முழுக்க மையோடு நின்றிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"என் கோட்டை அழிச்சது யாரு, ஃபாதர்?"

"நான்தாம்மா."

"யார் சொல்லி?"

"ஓசேயா சொல்லி" என்று சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு அவரும் நிறுத்திக்கொண்டார். "வயித்தை அறுத்துட்டுத் தைக்காம அனுப்புற டாக்டர் மாதிரி இருந்துச்சும்மா உங்க முடிவு. அதான் கீழே இழுத்துப் போட்டேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

"எம்மேல உங்களுக்கென்ன பயம்?"

"இந்தப் பங்குக் கோவில்ல பயப்படாதவங்க யாருன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொன்னால் காது சிவக்கும், சிவக்கவில்லை. ஆகவே முதல் கேள்வியை உன்மீதிருந்து எடுத்துவிடுகிறேன். எடுத்துவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று ஆகக்கூடாது.

இரண்டாவது கேள்வியை உன் யோசனைப்படி மகனிடமே கேட்டேன். "ஆமா, போறேன்" என்றான். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான், தலை நிமிரவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். "நீங்க சட்டையைப் பாக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே" என்றான். அந்தப் பதிலில் உன் வாடை அடிக்கிறது.

இப்போது வேதம். அரைகுறை என்று நீயே சொல்லிக்கொண்டாய், அதனால் சொல்கிறேன். அந்தப் பெண் பேசவில்லை என்பது சரி. நானும் திரும்பப் பார்த்தேன், சரிதான். ஆனால் ஜனங்கள் பேசுகிறார்கள். சில அதிகாரங்கள் தள்ளிப் பார். வாருங்கள், அவரிடம் திரும்பிப் போவோம், அடித்தவர் அவரே, கட்டுப்போடுகிறவரும் அவரே என்று அழகாகப் பேசுகிறார்கள். கேட்பவர் மனம் கரைந்துவிடும். கடவுளுக்குக் கரையவில்லை. உங்கள் அன்பு விடியற்காலை மூடுபனி, வெயில் வந்தால் காணாது என்கிறார். நான் சந்தேகக்காரி என்று நீ எழுதாமல் எழுதியிருக்கிறாய். சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொள். அவரே நம்பவில்லை.

எங்கள் பள்ளியில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் சில பக்கங்களைக் கன்னியர்கள் குண்டூசி போட்டு மூடி வைத்திருந்தார்கள். கைவிடப்பட்ட குழந்தையாகக் கிடந்தவளைக் கடவுள் எடுத்து, குளிப்பாட்டி, வளர்த்து, அழகியாக்கி மணக்கிறார். அவள் அந்த அழகையே எடுத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறாள். பிள்ளைகள் படிக்கக்கூடாத பச்சையான பேச்சு. நாங்கள் எல்லோரும் படித்தோம். ஊசியை எடுத்துப் படித்துவிட்டு அதே துளையில் திரும்பக் குத்தி வைப்போம். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவ்வளவு செய்த பிறகும் இப்படிச் செய்வாளா ஒருத்தி? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

நீ இந்த வீட்டுக்கு வந்தபோது என் அலமாரிச் சாவியைக் கொடுத்தேன். சமையலறையைக் கொடுத்தேன். உன்னை வேலைக்குப் போகாதே என்று சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் வாயைத் திறந்தவர்களை நான்தான் அடக்கினேன்.

என் மகனுக்காக ஒரு வழி சொல்கிறேன். இனி அப்படி நடக்காது என்று ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதை யாருக்கும் காட்டமாட்டேன். அது என் கையில் இருந்தால் கதவைத் திறப்பதைப் பற்றி யோசிப்பேன்.

உன் மாமியார்


மார்ச் 21

அன்புள்ள அத்தைக்கு,

அந்த வரியை எழுதமாட்டேன்.

நடக்கும் என்பதால் அல்ல. நடக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாள் உங்கள் அலமாரியில் இருக்கும். நான் வீட்டுக்கு வர அரைமணி தாமதமானால் நீங்கள் அலமாரியைப் பார்ப்பீர்கள், நானும் பார்ப்பேன். மூன்று பேர் இருக்கும் வீட்டில் அது நான்காவது ஆளாக உட்கார்ந்திருக்கும். எனக்கு வேண்டாம்.

அலமாரி என்று சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் வந்த இரண்டாவது வருடம் என் அலமாரிக் கதவின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே ஒரு வெள்ளை நூல் கட்டியிருந்தீர்கள். யார் எப்போது திறக்கிறார்கள் என்று பார்க்க. எனக்கு முதல் நாளே தெரியும். லென்ஸில் தூசி தேடுகிற கண் எனக்கு. உடை எடுக்கும்போது நூலை அவிழ்ப்பேன், எடுத்துவிட்டு மறுபடி கட்டிவிடுவேன். ஏன் கட்டினேன் தெரியுமா? நீங்கள் வந்து பார்த்தால் நிம்மதியாக இருக்கட்டும் என்று. அப்போது என் அலமாரியில் புடவையும் பழைய சான்றிதழ்களும் தவிர எதுவும் இல்லை. என் மனசிலும் இல்லை.

ஒருநாள் வேலைக்கு நேரமாகிவிட்டது. முடிச்சு இறுகியிருந்தது. கத்தரியால் வெட்டிப் போட்டுவிட்டுப் போனேன். அன்றைக்குக் கடைக்கு வந்த ஃபிரேம்காரர், "என்னம்மா, முகம் வாடியிருக்கு?" என்றார். அந்த வீட்டில் என் முகத்தை யாரும் பார்த்ததில்லை, என் நூலைத்தான் பார்த்தார்கள். மீதி உங்களுக்குத் தெரியும்.

நூலால்தான் போனேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் ஜனங்களைப் போல அழகாகப் பேசுகிறேன் என்பீர்கள். போனது என் காலால். உங்கள் மகனுக்கு நான் செய்தது தப்பு, அதை அவரிடம் சொல்லியாகிவிட்டது, அவர் கேட்டாகிவிட்டது. சொன்னபோது அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு லிஃப்ட் பட்டனைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். உங்களிடம் சொல்ல வேண்டியது இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

ஃபிரேம்காரர் கெட்டவர் இல்லை. ஓயாமல் பேசுவார். பேச்சுக்குள்ளே நான் இருக்கிறேனா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. நானே கிளம்பி வந்துவிட்டேன். அவர் விட்டுவிட்டார் என்று உங்கள் ஒலிபெருக்கி சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு மட்டும்தான் திருத்தம் போடத் தெரியுமா?

ஒரு விஷயம். உங்கள் மகன் இங்கே வீடு பார்க்கிறார். இரண்டு இடம் பார்த்துவிட்டார். நான் சொல்லி அல்ல. நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். "உங்கம்மா தனியா இருப்பாங்க, யோசிங்க" என்றுதான் சொன்னேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் கதவைத் திறந்தாலும் எனக்குப் பயம்தான் அத்தை. எதற்குத் திறக்கிறீர்கள், மகன் போய்விடுவான் என்றா, பங்குக்காரர்கள் மெச்சுவார்கள் என்றா என்று யோசித்துக்கொண்டேதான் படியேறுவேன். உங்களிடம் கற்றுக்கொண்டது. குண்டூசியை அதே துளையில் திரும்பக் குத்தியதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது மட்டும் சிரித்தேன்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

மருமகளுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதித்தேன். கோபத்தில் எழுதினால் கையெழுத்து சாய்கிறது, சாய்ந்த கையெழுத்தில் நான் கடிதம் அனுப்புவதில்லை.

முதலில் திருத்தம். நூல் வெள்ளை இல்லை, வெளிர் பழுப்பு. கதவின் நிறத்தோடு சேரும் என்று தேடி எடுத்தது. ஆமாம், கட்டினேன். ஏன் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. நீ சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவாய், உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும். அந்தச் சிரிப்பை எங்கே வைத்துவிட்டு வருகிறாய் என்று தேடினேன். அலமாரியில் தேடியிருக்க வேண்டாம். ஆனால் ஒன்று மட்டும் என்னைக் குடைகிறது. நீ அதை நாள்தோறும் திரும்பக் கட்டினாய் என்று எனக்குத் தெரியாது. நான் போடுவது இரட்டை முடிச்சு. நீ போட்டது வேறாக இருந்திருக்கும். நான் நூல் அறுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன், முடிச்சை ஒருநாளும் பார்க்கவில்லை. இவ்வளவு கண் வைத்திருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்கிறவள்.

என் மகன் வெள்ளிக்கிழமை பேசினான். கருவிப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, "அடுத்த மாசக் கடைசியோட நான் கிளம்பறேன்மா" என்றான்.

"எங்கே?"

"அவ ஊருக்கு. வேலையையும் அங்கே மாத்திக் கேட்டிருக்கேன்."

"அவ சொல்லிக் கொடுத்தாளா?"

"அவ வேண்டாம்னா. நீங்க தனியாயிடுவீங்களாம்."

"என் தனிமையைப் பத்தி அவ பேச வேண்டாம்."

"சரி, நீங்க பேசுங்க, கேக்கறேன்."

கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன். "நீ அவளை நம்பறியாடா?"

அவன் ஒரு ஸ்பேனரை எடுத்துத் திருப்பித் திருப்பித் துடைத்தான். "பாதி நாள் நம்பறேன். மீதி நாள் முடியலை. அவளும் என்னை அப்படித்தான். ஒரு நாள் வரலைன்னா எவகூட இருந்தேன்னு கேக்கறா. கணக்கு சரியாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்குப் போறே? நம்பிக்கை வந்தப்புறம் போயேன்."

"லிஃப்ட்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டா, இனிமே இது நிக்கவே நிக்காதுன்னு தெரிஞ்சப்புறமா கதவைத் திறப்பாங்க?" என்று எழுந்துபோனான். தன் தொழிலை விட்டு வேறு உவமை அவனுக்குத் தெரியாது. "போ, யாரு தடுத்தா?" என்று அவன் முதுகுக்குச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஞாயிறு மாலை ஓசேயாவின் கடைசி வாசகம். என்னைக் கேட்காமல் இம்முறை யாரும் கோடு மாற்றவில்லை. ஃபாதர் புத்தகத்தை என் கையிலேயே கொடுத்து, "எங்க முடிக்கணுமோ முடிங்கம்மா" என்றார். மேடை ஏறினேன். ஒலிபெருக்கி முதல் வரிசையில், நான் தடுமாறினால் ஓடிவர ஆயத்தமாக, பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

குழந்தைக்கு நடை பழக்கியது நான்தான், கையைப் பிடித்து நடத்தினேன் என்று தொடங்குகிறது. கூப்பிடக் கூப்பிட விலகிப் போனார்கள் என்கிறார். தண்டிப்பேன் என்கிறார். பிறகு, உன்னை எப்படி விட்டுவிடுவேன், என் மனமே எனக்குள் புரண்டுவிட்டது என்கிறார். இந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று மடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாசிப்பவர்கள் எல்லோரும் அந்த உருக்கத்தோடு முடித்துவிடுவார்கள். கேட்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

நான் முடிக்கவில்லை. எங்கே முடிப்பது என்று தேடிக்கொண்டே கீழே வாசித்தேன். பக்கம் புரள்வதற்குள் மறுபடி புகார் வந்துவிட்டது. பொய்யாலேயே என்னைச் சூழ்ந்துகொண்டார்கள் என்கிறார். அதே வாய். விடமாட்டேன் என்று சொன்ன ஈரம் காயவில்லை, நம்பமுடியவில்லை என்கிறார். இத்தனை ஆண்டுகளாக இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும், அவர்கள் திருந்தியிருக்க வேண்டும், இவர் சமாதானமாகியிருக்க வேண்டும் என்று நானாக நினைத்து வந்திருக்கிறேன். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. யாரும் திருந்தவில்லை. அவர் நம்பிய பிறகு கூப்பிடவில்லை, நம்பாமலேதான் கூப்பிடுகிறார். மூடுபனி என்று சொன்னவரும் அவர்தான், அந்த மூடுபனியை வா என்று அழைப்பவரும் அவர்தான். அவரும் நம்பவில்லை என்று உனக்கு எழுதியது நான். எழுதும்போது பாதியைத்தான் பார்த்திருக்கிறேன்.

மேடையில் நீளமாக நின்றுவிட்டேன் போலிருக்கிறது. ஒலிபெருக்கி எழுந்தேவிட்டாள். அவளைக் கண்ணாலேயே உட்காரவைத்துவிட்டு அதிகாரத்தை முழுவதும் வாசித்து இறங்கினேன். இப்போது எனக்கு ஞாபகமறதி என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. பேசட்டும்.

ஆகவே எழுதுகிறேன். நான் உன்னை நம்பவில்லை. வீட்டுக்கு வா.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். எனக்கு அது இன்னும் வரவில்லை, வராததை வந்தது என்று எழுதிப் பழக்கமில்லை. நான் கேட்ட அந்த ஒரு வரி வேண்டாம். ஏன் கூப்பிடுகிறேன் என்று யோசித்துக்கொண்டே படியேறுவேன் என்றாயே, யோசித்துக்கொண்டே ஏறு. மகன் போய்விடுவான் என்ற பயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. பங்குக்காரர்கள் மெச்சுவார்கள் என்ற எண்ணம் இல்லை. அவர்கள் மெச்சி எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அது என்ன என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, தெரிந்தால் எழுதுகிறேன்.

நீ வந்தால் நான் மாறியிருப்பேன் என்று எதிர்பார்க்காதே. அவன் உன்னிடம் சொன்னது தவறு, நான் மாறவில்லை. தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்பேன். ஆனால் உன்னிடமே கேட்பேன், உன் செருப்பிடம் கேட்கமாட்டேன். கேள்வி பிடிக்காவிட்டால், பிடிக்கவில்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொல். கடிதத்தில் உனக்கு வாய் நன்றாகவே இருக்கிறது. வீட்டிலும் அது இருக்கட்டும்.

பின்பக்க அறையில் என் தையல் மெஷினும் உன் மாமனாரின் புத்தகப் பெட்டிகளும் கிடந்தன. நேற்று அவற்றை என் அறைக்கு மாற்றச் சொல்லி மகனிடம் சொன்னேன். "எதுக்கு?" என்றான். "காத்து வரட்டும்" என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது சுவரில் இடித்துக் காரையைப் பெயர்த்துவிட்டான். பூசுகிறவர் திங்கட்கிழமை வருகிறார். சுவர் காய இரண்டு நாள் பிடிக்கும், அதற்கு முன் வந்தால் ஈர வாடை இருக்கும். வேலையை அங்கேயே வைத்துக்கொண்டு தினமும் போய்வருவதா, இங்கே வேறு கடை பார்ப்பதா என்பது உன் முடிவு. அதில் நான் தலையிடவில்லை.

இதை மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. உன் பதில் வந்த பிறகுதான் சொல்வேன். நீ வரவில்லை என்றால் அவன் உன்னிடம் வருவான், நான் தடுக்கமாட்டேன். அந்த இரண்டு வீட்டில் வெளிச்சம் உள்ளதைப் பார்த்து எடுங்கள்.

வருகிறாயா, வரவில்லையா, வருவதானால் எந்தக் கிழமை என்று எழுதிப் பதில் போடு.

உன் அத்தை